அடைக்கலம் வீட்டு நங்கூரம்

கண்டியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் பாதி நாள் போய்விடும். ஆனாலும் அங்கே முன்னாள் கடற்படையினருக்கு ஒரு சங்கம் இருந்தது. பெயருக்கு ஒரு சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குக் கொடி உண்டு, இலச்சினை உண்டு, கழுத்துப்பட்டி என்கிற டை உண்டு, யாப்பு என்கிற சட்டதிட்டம் உண்டு. யாப்பைத் திருத்த ஓர் உபகுழுவும், அந்த உபகுழுவோடு கோபித்துக்கொண்டு விலகியவர்களும் உண்டு. வருடத்தில் ஒருநாள் இறந்துபோன மாலுமிகளுக்கு மலர்வளையம் வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்த மலர்வளையத்தை யார் வைப்பது, வைக்கும்போது யார் முன்வரிசையில் உட்காருவது என்று கூடிப் பேசுவார்கள்.

இந்தச் சங்கத்தின் ஒரே தமிழ் அங்கத்தவர் கட்டுகஸ்தோட்டை அடைக்கலம். எழுபதைத் தாண்டியவர். தகப்பன் கண்டிக் கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதியவர். கடற்படைக்கு ஆளெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடல் என்ன நிறம் என்றுகூடத் தெரியாத வயதில் அடைக்கலம் போய் வரிசையில் நின்றார். எடுத்துவிட்டார்கள். துப்பாக்கி தருவார்கள் என்று கையை நீட்டினார், அகப்பையைத் தந்தார்கள். பன்னிரண்டு வருடம் திருகோணமலை முகாமின் குசினியில் பருப்புக் காய்ச்சினார். கப்பலில் போனது நாலைந்து தடவைதான். அந்த நாலைந்து தடவையும் அவர் சமைத்ததை மற்றவர்கள் சாப்பிட்டார்கள், அவர் சாப்பிட்டதைக் கடல் வாங்கிக்கொண்டது.

பிறகு விலகி வந்து கண்டியில் ஒரு ஹோட்டல் குசினியில் சேர்ந்தார். அங்கே அவரை "ஏய், குக்" என்பார்கள். ஓய்வெடுத்து வீட்டோடு இருந்தபோது லேனில் அவருக்கு "வடைக்காரம்மா வீட்டுக்காரர்" என்று பெயர். அவருடைய மனைவி வடிவம்மா பின்னேரங்களில் வாசலில் வண்டி போட்டு உளுந்து வடையும் பருப்பு வடையும் சுட்டாள். அந்த வடைக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும்.

சங்கத்தில் மட்டும்தான் அவரை "லீடிங் குக் அடைக்கலம்" என்று பதவியோடு அழைத்தார்கள். அந்த ஒரு அழைப்புக்காக அவர் மாதம் தவறாமல் வெள்ளைக் காற்சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். போனவுடன் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை அவர் தலையில் விழும். போட்டோ எடுக்கும்போது அவரை ஓரத்தில் நிறுத்துவார்கள். பேப்பருக்குப் போகிற போட்டோ என்றால் மட்டும், இனங்களுக்கிடையிலான ஒற்றுமை தெரிய வேண்டும் என்று கையைப் பிடித்து நடுவுக்கு இழுப்பார்கள்.

இப்படி இருக்கும்போது சங்கத் தலைவர் உடகெதர ஒரு கலியாணத்துக்காகத் தெற்கே காலி நகரப் பக்கம் போய்வந்தார். அவர் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கொமாண்டர், பிறவிப் பேச்சாளர். அங்கே இன்னொரு சங்கம் கடற்கரை ஓரத்தில் நங்கூரம் ஒன்றை நட்டு நினைவுச்சின்னம் எழுப்பியிருப்பதைப் பார்த்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கேட்டார்.

"காலிக்காரனுக்கு வாசலிலேயே கடல் இருக்கு. அவனுக்கே நங்கூரம் தேவைப்படுதென்றால், கடலே இல்லாத நமக்கு எவ்வளவு தேவை?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

செயலாளர் விஜேகோன் கெட்டிக்காரர். திருகோணமலையில் பழைய இரும்பு வாங்கி விற்கிற ஒருவரிடம் ஆளுயரத்துக்கும் மேலான நங்கூரம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். லொறி பேசினார். தலைவர் பெயரைப் பெரிதாகவும் தன் பெயரைக் கொஞ்சம் சிறிதாகவும் போட்டுக் கல்வெட்டு வெட்டினார். எல்லாம் செய்தார், வருகிற நங்கூரத்தை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்க மறந்துவிட்டார். கண்டி வாவிக் கரையில் வைத்தால் போயிற்று என்பது அவர் எண்ணம். வாவிக் கரையில் ஒரு கூழாங்கல்லை வைப்பதென்றாலும் மூன்று அரசாங்கக் கந்தோர்களின் அனுமதி வேண்டும் என்று லொறி புறப்பட்ட பிறகுதான் தெரியவந்தது. மூன்று கந்தோர்களும் மற்ற இரண்டின் அனுமதியை முதலில் கொண்டுவரச் சொல்லின.

அன்று பின்னேரம் அடைக்கலத்தின் போன் அடித்தது. விஜேகோன் சிங்களத்தில் மிக அன்பாகப் பேசினார்.

"லீடிங் குக் அடைக்கலம், உங்க வீட்டு முன்னால லொறி வர்ற அளவுக்கு இடம் இருக்கில்லையா?"

"இருக்கு சேர். ஆனா அந்த இடத்துல சம்சாரம் வடை வண்டி…"

"ரெண்டே ரெண்டு நாளைக்கு. லொறி அலவத்துகொடையைத் தாண்டிட்டுது."

பதவியோடு அழைத்த பிறகு மறுக்க அடைக்கலத்துக்கு வாய் வரவில்லை. "சரி சேர்" என்றார்.

வந்த லொறியில் சின்னக் கிரேன் ஒன்று பூட்டியிருந்தது. சாரதி அவசரக்காரன். நங்கூரத்தைத் தூக்கிச் சுவருக்குச் சற்றுத் தள்ளி மண்ணில் புதைய இறக்கிவிட்டு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். போன பிறகுதான் அடைக்கலம் கவனித்தார், நங்கூரம் தலைகீழாக நின்றது. நிலத்தைக் கவ்வ வேண்டிய இரண்டு கைகளும் வானத்தைப் பார்த்து விரிந்திருந்தன.

வடிவம்மா மாக் கையோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, என்னாங்க இது?"

"நங்கூரம்."

"அது தெரியுதுங்க. நம்ம வாசல்ல என்னா செய்யுது?"

"ரெண்டு நாளைக்குத்தான் புள்ள. சங்கத்துல வச்சிருக்கச் சொன்னாங்க."

"கப்பல் எங்க? பின்னாடி வருதா?"

எதிர்வீட்டுச் சில்லறைக் கடை சாஹுல் ஹமீது நானா கடையை விட்டு இறங்கி வந்து நங்கூரத்தைச் சுற்றி நடந்தார். "அல்லாஹ்வே! அடைக்கலம் அண்ணே, மகாவலி பெருக்கெடுத்தா இனி ஒங்க வீடு மட்டும் அசையாது" என்றார்.

இரண்டு நாள் போனது. இரண்டு வாரம் போனது. அடைக்கலம் போன் எடுக்கும்போதெல்லாம் "கடிதம் போயிருக்கு" என்றார் விஜேகோன். வடிவம்மா வண்டியைச் சுவருக்கும் நங்கூரத்துக்கும் நடுவே நெருக்கிப் போட்டுக்கொண்டாள். உயர நின்ற ஒரு கையில் மின்குமிழைத் தொங்கவிட்டாள், மறு கையில் மிளகாய்ப் பையைக் கொழுவினாள். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது நானா தன் கிடாயைக் கொண்டுவந்து அதில்தான் கட்டினார். ஆடும் நங்கூரமும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு மூன்று நாள் நின்றன.

நினைவு தினம் வந்தது. நங்கூரம் இருக்கிற இடத்தில்தான் மலர்வளையம் வைக்க வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டதால், சங்கம் முழுவதும் கழுத்துப்பட்டியோடு லேனுக்குள் வந்து இறங்கியது. பெனர் கட்டினார்கள். பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். முன்வரிசைக் கதிரைகளில் பெயர் ஒட்டினார்கள், ஒட்டியதைச் சிலர் இரகசியமாக மாற்றி ஒட்டினார்கள். தலைவர் பேசும்போது இந்த நங்கூரம் ஒரு துறைமுகப் படகுடையது என்று தொடங்கினார். கைதட்டல் கேட்டதும் அது போர்க்கப்பல் ஆனது. முடிக்கும்போது இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரியின் குண்டுக்குத் தப்பியதாகிவிட்டது.

பிறகு இரண்டு நிமிட மௌனம். எல்லோரும் கையை நெற்றியில் வைத்து விறைத்து நின்ற அந்தச் சமயம் பார்த்து, பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு லேனுக்குள் நுழைந்தது. இவ்வளவு பேர் வரிசையில் பேசாமல் நிற்பதைக் கண்ட பாண்காரருக்கு, தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று பட்டது. நடுவில் நிறுத்திக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். பாட்டு நின்றபாடில்லை. மீன் பணிஸ் வாசனை சலூட் அடித்த கைகளுக்கு நடுவே மெல்லப் பரவியது. ஒருவரும் அசையவில்லை. அந்த ஒழுக்கத்தைப் பற்றித் தலைவர் அடுத்த மூன்று கூட்டங்களில் பெருமையாகப் பேசினார்.

நங்கூரத்துக்குச் சாமி வந்தது யுகேஷால்தான். லேனின் கடைசி வீட்டில் இருந்த அவன் புது ஓட்டோ வாங்கினான். கோயில் வரை போக நேரமில்லாமல், சூலம் மாதிரித் தெரிந்த நங்கூரத்தின் முன்னால் தேசிக்காய் வைத்து, அதன்மேல் சில்லை ஏற்றி நசுக்கிவிட்டுப் போனான். அந்த வாரமே பேராதனையில் ஒரு பஸ்ஸிடமிருந்து மயிரிழையில் தப்பினான். திரும்பி வந்து குங்குமம் பூசினான். அவன் அத்தைக்குக் கட்டாருக்குப் போக விசா கிடைத்தது; அவள் வந்து கற்பூரம் கொளுத்தினாள். கடல் தாண்டிப் போக வேண்டியவர்களுக்கு இது கைகண்ட தெய்வம் என்று பேச்சுப் பரவிவிட்டது. பன்விலயிலிருந்து வந்தார்கள், கலகெதரையிலிருந்து வந்தார்கள். கையில் பாஸ்போட்டோடு வந்து "நங்கூர முனி" என்று கும்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் முனிக்கு வடைமாலை சாத்துவது வழக்கமானது. வடைக்கு எங்கே போவார்கள்? பக்கத்தில்தான் வண்டி இருந்ததே.

அடைக்கலத்துக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் லேனில் அவர் பெயர் மாறிவிட்டது. "கப்பல்காரர் வீடு எது?" என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவரைக் கண்டு செருப்பைக் கழற்றினார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது குரல் அவ்வளவு கண்டிப்பாக வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, மூன்று தரம் சுற்றிக் கும்பிட்டதை அடைக்கலம் யன்னல் வழியாகப் பார்த்தார். தலைக்கவசத்துக்குக் கீழே சங்கத்தின் கழுத்துப்பட்டி தெரிந்தது. மகளை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்ப விஜேகோன் அலைந்துகொண்டிருந்த காலம் அது. அடைக்கலம் யன்னல் திரையை இழுத்துவிட்டார்.

இதற்கிடையில் லேனுக்குக் கொங்கிரீட் போட வந்தார்கள். நங்கூரத்தை நகர்த்தித் தந்தால் நேராகப் போடலாம் என்றான் வேலைக்குப் பொறுப்பானவன். அடைக்கலம் சங்கத்துக்குப் போன் எடுத்தார். கடிதம் போயிருந்தது. வேலைக்குப் பொறுப்பானவன் கலவையை வரச் சொன்னான்.

"ஐயா, நாங்க ரோட்டுக்குத்தான் வந்தோம். கப்பலுக்கு வரல்ல" என்று சொல்லிவிட்டு, நங்கூரத்தின் அடியைச் சுற்றிக் கொங்கிரீட்டை ஊற்றி மட்டம் பண்ணிவிட்டுப் போனான். கல்யாணப் பந்தல் காலை நட்ட மாதிரி அது அழகாக, தலைகீழாக, நிரந்தரமாக நின்றது.

முகத்தில் குங்குமமும் கழுத்தில் வடையுமாக நங்கூரம் நிற்கிற போட்டோவை யாரோ இணையத்தில் போட்டு, அது தலைவரின் போனுக்கு வந்து சேர்ந்தது. அடைக்கலத்தை விசாரணைக்கு அழைத்தார்கள். வழக்கமாக அவர் தேத்தண்ணி ஊற்றுகிற மேசைக்கு முன்னால் அவரையே உட்கார வைத்தார்கள். அன்று யாருக்கும் தேத்தண்ணி இல்லை.

"கடற்படைச் சின்னத்தை அவமதிச்சதாகக் குற்றச்சாட்டு. குங்குமம் பூசியது யார்?" என்று கேட்டார் தலைவர்.

"ஊர் ஆளுங்க சேர்."

"நீங்க ஏன் தடுக்கல்ல?"

"தடுத்தேன் சேர். என்னையும் சேர்த்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க."

விஜேகோன் பேனாவை மூடித் திறந்தார். "யார் யார் வந்து இந்த மூடத்தனத்தைச் செய்றாங்க? பெயர் சொல்லுங்க."

அடைக்கலம் அவரை நிமிர்ந்து பார்த்தார். விஜேகோனின் கை தானாகக் கழுத்துப்பட்டிக்குப் போனது.

"எல்லாரும்தான் சேர் வராங்க" என்றார் அடைக்கலம்.

"இதுக்கு மேல விசாரிக்கத் தேவையில்ல" என்று விஜேகோன் அவசரமாக எழுந்துகொண்டார். அடைக்கலம் ஆறு மாதத்துக்குச் சங்கத்தின் எந்த வைபவத்திலும் கலந்துகொள்ளக் கூடாது என்று தீர்ப்பானது. அவர் வீட்டுக்கு வந்து வெள்ளைக் காற்சட்டையை மடித்து அலுமாரியில் வைத்தார். அன்று இராச்சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். வடிவம்மா சோற்றை மூடி வைத்தாள். பிறகு தானாகவே, "அந்த ஆளு தலையில மாட்டினத கழட்டாம கும்பிட்டாரே, அத சொல்லியிருக்க வேண்டியதுதான?" என்றாள். அவளும் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அதே மாதத்தில், ஒருவரும் எதிர்பாராத விதமாக மூன்று கந்தோர்களும் அனுமதி கொடுத்துவிட்டன. பெரிய கிரேன் வந்தது. நங்கூரத்தில் சங்கிலி மாட்டி இழுத்தபோது நங்கூரம் வரவில்லை, ரோட்டில்தான் வெடிப்பு விழுந்தது. வடிவம்மா அகப்பையோடு குறுக்கே வந்து நின்றாள்.

"கொண்டாந்து போட்டப்ப எங்கிட்ட கேட்டீங்களா? இப்ப தூக்குறதுக்கு மட்டும் யாரக் கேட்டு வந்தீங்க? முனி மேல கைய வச்சுப் பாருங்க!"

நானாவும் தன் கடை வாசலில் நின்றபடி, "ரோட்டை ஒடச்சா என்ட கடைக்கு வேன் எப்படி வாறது?" என்று சத்தம் போட்டார். ரோட்டுக்குப் பொறுப்பான கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். புதிதாகப் போட்ட ரோட்டை உடைப்பது குற்றம் என்றார். நங்கூரம் எப்படி ரோட்டுக்குள் வந்தது என்று கிரேன்காரர் திருப்பிக் கேட்டதும் அவருக்கே வியர்த்துவிட்டது. வேலை சரியாக முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அதை 'பாதையோரப் பாதுகாப்புத் தூண்' என்று பதிவு செய்துகொண்டு போனார். கிரேன் வெறுங்கையோடு திரும்பியது.

உடகெதர இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. நினைவுச்சின்னம் அரச அங்கீகாரத்துடன் நிறுவப்பட்டுவிட்டதாக அறிவித்து, திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். கொழும்பிலிருந்து ஓய்வுபெற்ற அட்மிரல் ஒருவர் பிரதம விருந்தினர். குங்குமத்தைக் கழுவி, நங்கூரத்துக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். கல்வெட்டைச் சுவரில் பதித்தார்கள். சுவர் அடைக்கலத்துடையது.

விழாவன்று காலையில் விஜேகோன் படலையருகே வந்து தயங்கி நின்றார். "தீர்ப்புப்படி நீங்க வைபவத்துக்கு வரக் கூடாது, தெரியும்தானே?"

"நான் வரல்ல சேர். வைபவம்தான் வந்திருக்கு" என்றார் அடைக்கலம்.

அவர் உள்ளே போய், யன்னலுக்கு முதுகு காட்டிக் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெளியே கொடி ஏறியது. முதல் பேச்சு முடியுமுன்னமே வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அட்மிரல் நிற்கிறார். நெட்டையான, எண்பதை நெருங்கிய மனிதர். முகத்தில் பெரிய அவஸ்தை.

"டொய்லெட் எங்கே இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார். "சீனி வியாதி. இவங்க பேச்சு இப்போதைக்கு முடியாது போல."

அடைக்கலம் வழி காட்டினார். திரும்பி வந்த மனிதர் முகம் தெளிந்து, சுவரில் தொங்கிய பழைய போட்டோவின் முன்னால் நின்றார். வெள்ளைத் தொப்பியோடு இளம் அடைக்கலம்.

"எங்கே சேவை?"

"திருகோணமலை. குசினி, சேர்."

"அப்படியென்றால் உன் பருப்பை நான் சாப்பிட்டிருப்பேன்" என்று அட்மிரல் கதிரையில் அமர்ந்தே விட்டார். "கப்பலில் வந்திருக்கிறாயா?"

"நாலஞ்சு தடவை. வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தேன் சேர்."

அட்மிரல் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் முப்பது வருஷமும் எடுத்தேன்."

இருவரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். வடிவம்மா சுடச்சுட வடையும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தாள். வெளியே பேச்சு முடிந்தது. துணியைத் திறக்க ஆளில்லாமல் எல்லோரும் வெயிலில் விறைத்து நின்றார்கள். விஜேகோன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், மறுபடியும் வந்தார். அட்மிரல் இரண்டாவது வடையை எடுத்தார்.

"நீ ஏன் வெளியில் இல்லை?"

"தடை சேர். நங்கூரத்த ஆளுங்க கும்பிடுறாங்கன்னு."

"கும்பிடட்டுமே. நாங்கள் காலமெல்லாம் அதைத் திட்டித்தானே தூக்கினோம்."

அவர் அடைக்கலத்தின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "இவருக்கும் முன்னால் ஒரு கதிரை கொடுங்கள்" என்றார். முன்வரிசையில் திடீரென்று எல்லோருக்கும் காது மந்தமானது. சிலர் நிகழ்ச்சி நிரலைப் படித்தார்கள், சிலர் கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

அடைக்கலத்துக்கு அந்த முகங்களைப் பார்க்கச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு காலம் இதற்குள் எங்காவது ஓரத்தில் ஒரு இடத்துக்குத்தானா ஏங்கினோம் என்று நினைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் சேர், அடுப்புல எண்ணெய் காயுது" என்று சொல்லி வண்டியருகே போய் நின்றார்.

துணி விலகியது. கழுவிய இடமெல்லாம் குங்குமம் மங்கலாகப் பெயின்டுக்கு மேலே ஊறி வந்திருந்தது. பார்க்காதவர்கள் போல எல்லோரும் மௌனத்துக்கு எழுந்து நின்றார்கள். அடைக்கலமும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அவருக்குச் சோமதாச ஞாபகம் வந்தது. குசினியில் கூட வேலை செய்தவன், அரிசி மூட்டையோடு படகிலிருந்து வழுக்கித் துறைமுகத்திலேயே மூழ்கிப் போனவன். எந்த வருட நினைவு தினத்திலும் அவன் பெயரை வாசித்ததில்லை; அரிசி மூட்டையோடு செத்தவனை எந்தப் பிரிவில் சேர்ப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. அடைக்கலம் உதட்டுக்குள் அந்தப் பெயரைச் சொன்னார். பக்கத்தில் வடிவம்மா, "என்னாங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவருடைய தடையை நீக்கினார்கள். பிரதம விருந்தினர்கள் திடீரென்று ஆட்களைக் கூட்டிவந்தால் அவர்களை எங்கே உட்கார வைப்பது என்று ஆராய ஓர் உபகுழுவும் அமைத்தார்கள். விஜேகோன் இதைப் போனில் சொன்னார். சொல்லி முடித்து, கொஞ்சம் இழுத்து, மகளுக்கு விசா கிடைத்துவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமைக்கு ஒரு வடைமாலை சொல்லி வைக்க முடியுமா என்று கேட்டார்.

"சம்சாரத்துக்கிட்டதான் கேக்கணும் சேர்" என்று சொல்லி, அடைக்கலம் போனை வடிவம்மாவிடம் நீட்டினார்.